மேலே மகஸின் வைத்த துப்பாக்கி

பழைய படைத்துப்பாக்கிகள் மேல் பித்துக் கொண்ட ஒருவரிடம் போர்க்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். படத்தில் இருக்கும் ஆள் யார், எந்த நாட்டுச் சீருடை என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். துப்பாக்கியின் முதுகில் செங்குத்தாக நிற்கும் தோட்டாப் பெட்டியை, அதாவது மகஸினைத்தான் முதலில் பார்ப்பார். அது நேராக இருந்தால் செக்கோஸ்லோவாக்கியாவின் இசட்.பி. 26. அரிவாளைப் போல் வளைந்திருந்தால் பிரிட்டிஷ் பிரென். வளைவு இருப்பதே தெரியாத அளவு லேசாக இருந்தால் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றிய பிற்கால வகை. கான்பூரில் செய்த இந்திய எல்எம்ஜியும் (இலகு இயந்திரத் துப்பாக்கி) அந்த வகைதான். மொராவியாவின் பிர்னோ நகரத்திலிருந்து தில்லி வரை அது வந்த கதையின் பாதி அந்த வளைவிலேயே எழுதியிருக்கிறது.

முதல் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா தனி நாடானபோது அதற்கென்று ஒரு படையும் அந்தப் படைக்கு ஆயுதமும் வேண்டியிருந்தது. வாட்ஸ்லாவ் ஹோலெக் என்ற வடிவமைப்பாளர் ப்ராக் நகரத்தில் இருந்த ப்ராகா ஆலையில் ஒரு இலகு இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உற்பத்தியைத் தாங்கும் வலு அந்த ஆலைக்கு இல்லை. வேலை பிர்னோவின் ஸ்ப்ரோயோவ்கா ஆயுத ஆலைக்குப் போனது. 1926-ல் படை அதை ஏற்றுக்கொண்டதால் பெயரோடு 26 ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் இயந்திரத் துப்பாக்கி என்றாலே முக்காலியும் தோட்டாப் பட்டியும் அதைத் தூக்க நாலு பேரும் என்று இருந்தது. ஹோலெக்கின் துப்பாக்கியை ஒருவரே தூக்கிக்கொண்டு ஓடலாம். முன்னால் இரண்டு கால், அவ்வளவுதான். தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் கிளம்பும் வாயுவில் ஒரு பங்கு கீழே இருக்கும் உந்துதண்டைப் பின்னுக்குத் தள்ளும். அந்த வேகத்திலேயே காலித் தோட்டா வெளியேறி அடுத்தது உள்ளே வரும். தொடர்ந்து சுட்டால் குழல் காய்ந்துவிடும் அல்லவா? அதற்கும் வழி செய்திருந்தார். பூட்டைத் திருப்பி, குழலோடு இணைந்த கைப்பிடியைப் பிடித்துச் சூடான குழலைக் கழற்றிவிட்டு மாற்றுக் குழலைப் பொருத்தச் சில நொடிகள் போதும். சேகரிப்பாளர்கள் இந்தத் துப்பாக்கியைக் கொண்டாட அழகு மட்டும் காரணம் இல்லை. அவிழ்த்துப் போட்டால் ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தவுடன் புரியும். அந்தத் தெளிவுதான் ஆளை இழுக்கிறது.

சின்ன நாடு, பெரிய ஏற்றுமதி. அதிகம் வாங்கியது சீனா. வாங்கியதோடு நில்லாமல் தன் ஆலைகளிலும் நகல் எடுத்தது. சீனத்தில் படையெடுத்த ஜப்பானியர் கைப்பற்றிய ஆயுதங்களில் இதுவும் இருந்தது. அவர்களுடைய டைப் 96 இலகு இயந்திரத் துப்பாக்கியில் அந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. அங்கேயும் மகஸின் முதுகில்தான்.

பிரிட்டன் தன் லூயிஸ் துப்பாக்கிக்கு மாற்று தேடியது 1930-களின் தொடக்கத்தில். செக் துப்பாக்கி பிடித்துப்போனது. ஆனால் தோட்டா ஒத்துப்போகவில்லை. செக் துப்பாக்கி சுட்டது 7.92 மில்லிமீட்டர் மாசர் தோட்டா. அடிப்பக்கம் விளிம்பு துருத்தாதது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நேராக நிற்கும். பிரிட்டிஷ் .303 தோட்டாவின் அடியில் தடித்த விளிம்பு உண்டு. அதை அடுக்கினால் வரிசை தானாகவே வளையும். அதனால் மகஸினும் வளைந்தது. .303-ல் நிரப்பிய கார்டைட் வெடிமருந்து அதிகமாகக் கரி படிய வைத்ததால், வாயு வெளியேறும் துளையைக் குழலின் பின்பக்கமாக நகர்த்தினார்கள். குழலைச் சுற்றியிருந்த குளிர்விப்பு வரிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்படிப் படிப்படியாக மாறி 1933-ல் பிர்னோவில் இசட்.ஜி.பி. 33 தயாரானது. 1935-ல் உரிமம் கையெழுத்தானது. 1937-ல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு ஆலையிலிருந்து முதல் துப்பாக்கி வெளிவந்தது. பிர்னோவின் முதல் இரண்டு எழுத்தையும் என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து பிரென் என்று பெயர் வைத்தார்கள்.

மகஸின் 30 தோட்டா கொள்ளும். ஆனால் சிப்பாய்கள் நிரப்பியது 28. ஸ்பிரிங் இளைத்துவிடக் கூடாது, சுடும்போது சிக்கவும் கூடாது. நிரப்புவதிலும் ஒரு பக்குவம் உண்டு. மேலே வைக்கும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்று மாறி உட்கார்ந்தால் நெருக்கடியான நேரத்தில் துப்பாக்கி நின்றுவிடும். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரில் இதற்கு வேலை வரும்.

இந்தியா இந்தத் துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. லண்டன் சோதனைமேல் சோதனை நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் இந்தியப் படை காத்திருக்காமல் 1933-ல் விக்கர்ஸ்-பெர்த்தியே துப்பாக்கியை ஏற்றது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் ஆலையில் அதைச் செய்யவும் தொடங்கினார்கள். அதற்கும் வளைந்த மகஸின், அதுவும் முதுகில். பழைய படங்களில் பிரென் என்று குறிப்பிடப்படுபவற்றில் சில உண்மையில் இதுதான். இந்தப் பித்து முற்றியவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்வதில் ஒரு தனிப் பெருமை கொள்வார்கள். அது எனக்குக் கொஞ்சம் அலுப்பூட்டும் பெருமை. ஆனாலும் தவறான தலைப்பைத் திருத்துவது அவர்கள்தான்.

1939 மார்ச்சில் ஜெர்மனி பிர்னோவுக்குள் நுழைந்தது. ஆலை அப்படியே ஹிட்லரின் கைக்குப் போனது. இசட்.பி. 26-க்கு ஜெர்மானியப் பெயர் சூட்டிக் கட்டளைப்படி செய்ய வைத்தார்கள், வாஃபென் எஸ்.எஸ். பிரிவுகள் அதைத் தூக்கின. எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் படையிடம் அதன் மகன். மறு ஆண்டே டன்கிர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை தன்னிடமிருந்த பிரென்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டுக் கப்பலேறியது. பிறகு கனடாவின் டொராண்டோ, ஆஸ்திரேலியாவின் லித்கோ, நம் இச்சாப்பூர் என்று பல ஊர்களில் பிரென் செய்ய வேண்டியதாயிற்று.

இந்தியச் சிப்பாயின் கையில் அது பேர் வாங்கியது பர்மாவில். 1944 ஜூன் 23 அன்று மோகாங்கில் தன் பிரிவில் ஏறக்குறைய எல்லோரும் விழுந்துவிட்ட பிறகு, கூர்க்கா வீரர் துல் பகதூர் புன் பிரென்னை இடுப்பில் இடுக்கிச் சுட்டபடி சேற்றில் தனியாக முன்னேறினார். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. படுத்துக்கொண்டு இரண்டு காலில் ஊன்றிச் சுட வேண்டிய, பத்துக் கிலோ அளவு எடையுள்ள துப்பாக்கி அது. பிரென் குறி தப்பாது, அதனாலேயே ஓரிடத்திலேயே குண்டுகள் குவிந்து பயன் குறைந்துவிடும் என்று ஒரு பழைய கதை உண்டு. நான் அதை நம்புவதில்லை. போர் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுகிறவர்களின் குறை அது.

அதே பர்மாவில் எதிர்ப்பக்கத்திலும் நம்மவர்கள் இருந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சரணடைந்த படையிடமிருந்து ஜப்பானியர் எடுத்த பிரிட்டிஷ் ஆயுதங்களில் ஒரு பகுதி இந்திய தேசிய இராணுவத்துக்கு வந்தது. பிரென்னும் அதில் உண்டு. நேற்றுவரை மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணி படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். 1944-ல் இம்பால் பக்கம் மோதியபோது பிரிட்டிஷ் இந்தியப் படையிடம் பிரென், இந்திய தேசிய இராணுவத்திடமும் பிரென், ஜப்பானியரிடம் அதே சாயலில் டைப் 96. இம்பாலை ஒரு குடும்பத்துத் துப்பாக்கிகள் மூன்று திசையிலிருந்து சுட்ட இடம் என்று பார்க்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. பின்னாளில் இந்திய தேசிய இராணுவத்தை வழிநடத்திய சுபாஷ் சந்திர போஸ் 1933-ல் ப்ராகுக்குப் போய் வெளியுறவு அமைச்சர் பெனெஷைச் சந்தித்தார். பிர்னோவில் இசட்.ஜி.பி. 33 உருவான அதே ஆண்டு. வெறும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1945 நவம்பரில் தில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் இராணுவ விசாரணை தொடங்கியது. இரண்டே ஆண்டு கழித்து அதே தில்லியிலிருந்து புதிய இந்தியா தன் சிப்பாய்களைக் காஷ்மீருக்கு விமானத்தில் அனுப்பியது. அவர்கள் கையில் இருந்த எல்எம்ஜியும் பிரென்தான்.

1947 நவம்பர் 3, பட்காம். 4-ஆம் குமாவுன் படையின் மேஜர் சோம்நாத் சர்மாவின் இடது கை மாவுக்கட்டில் இருந்தது. எதிரிகள் பல மடங்கு அதிகம். எல்எம்ஜிகளை இயக்கியவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். அவர் கட்டுப்போட்ட கையோடு மகஸின்களை நிரப்பிச் சுடுகிறவர்களிடம் ஓடி ஓடிக் கொடுத்தார். முன்பு சொன்ன அந்த விளிம்புகளை, ஒன்று மாறாமல், ஏறக்குறைய ஒற்றைக் கையால் அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். மோர்ட்டார் குண்டு விழுந்து அவர் இறந்தார். முதல் பரம்வீர் சக்ரா அவருடையது. 1948 பிப்ரவரியில் நௌஷேரா அருகே நாயக் ஜதுநாத் சிங், காயம்பட்ட வீரரிடமிருந்து பிரென்னை வாங்கித் தானே சுட்டுக் காவல்நிலையைக் காத்தார். அவரும் உயிரோடு திரும்பவில்லை. தில்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகத்தில், பரம யோதா ஸ்தலில் இருவரின் மார்பளவுச் சிலைகளும் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கையில் என்ன இருந்தது என்று தேடுகிறவர் ஆயிரத்தில் ஒருவர்.

அடுத்து வந்த 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு விளிம்பு துருத்தாது. அதனால் மகஸினின் வளைவு மறுபடி ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டது. கான்பூரில் 1பி என்ற பெயரில் செய்த இந்த வகையைப் படையும் துணைப்படைகளும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. 1990-களின் கடைசியில் இன்சாஸ் எல்எம்ஜி வந்த பிறகும் அது முழுதாக ஓய்வு பெறவில்லை.

இதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று தில்லிச் சேகரிப்பாளர் கேட்டால் சட்டம் ஒரே வரியில் பதில் சொல்கிறது. விசையை அழுத்தியபடி இருந்தால் மகஸின் தீரும்வரை சுடும் துப்பாக்கி 1959 ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிரென்னுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விளக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை. கழற்றிய பாகங்களும் கணக்கில் வரும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 45-ஆம் பிரிவு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்கு முன் பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் பெரும் விலை கொடுத்து வாங்கலாம். பிரிட்டனில் செயலிழக்கச் செய்தவற்றை அலமாரியில் வைக்கலாம். இந்த விஷயத்தில் நம் சட்டம் கண்டிப்பாக இருப்பதே சரி என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கண்டிப்புக்கு ஈடாக நம் அருங்காட்சியகங்கள் வாளுக்கும் கேடயத்துக்கும் செய்யும் மரியாதையில் பாதியாவது இருபதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளுக்கும் செய்ய வேண்டும்.

ஆகவே இங்கே சேகரிப்பு காகிதமாக மாறிவிட்டது. பயிற்சிக் கையேடு, படைப்பிரிவு வரலாறு, பழைய படங்கள். தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை 2019-ல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய பிறகும் ஆட்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: பிர்னோ முத்திரை பதித்த .22 ரைபிள். 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி இறுகிய பிறகு, அதற்கு முன் வந்தவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றி வருகின்றன. 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. தாத்தாவின் ரைபிளா, தன் கைத்துப்பாக்கியா என்று பல வீடுகளில் பஞ்சாயத்து நடந்திருக்கும். பிர்னோ ஆலையின் இன்னொரு பிள்ளைக்கு இந்தக் கெடுபிடி ஏதும் இல்லை. போருக்குப் பின் அங்கே பிறந்த ஜெட்டர் டிராக்டரை ஹெச்.எம்.டி. 1970-களில் பிஞ்ஜோரில் செய்யத் தொடங்கி, ஹரியானா வயல்களில் நிறைய ஓட்டிவிட்டது.

பிர்னோவின் அந்தப் பழைய ஆலை 2006-ல் மூடப்பட்டது. ஆனால் செக் நாட்டின் மற்றொரு ஆலையான சி.இசட். தன் புதிய தாக்குதல் ரைபிளுக்கு 805 பிரென் என்று பெயர் வைத்தது. அந்த ரைபிள் தில்லிக்கும் வந்தது. 2011-ல் இந்தியத் தரைப்படை புதிய ரைபிள் வாங்கக் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் இத்தாலி, அமெரிக்கா, இஸ்ரேல், ஸ்விட்சர்லாந்து வழித் துப்பாக்கிகளோடு அதுவும் போட்டியிட்டது. 2015-ல் பாதுகாப்பு அமைச்சகம் அந்தப் போட்டியையே ரத்து செய்தது. எல்எம்ஜியின் இடத்துக்கு இஸ்ரேலின் நெகேவை வாங்க 2020 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 16,479 துப்பாக்கி, 880 கோடி ரூபாய். நெகேவுக்குத் தோட்டா பட்டியில் வருகிறது. முதுகில் மகஸின் கிடையாது.