கடலில் விழுந்த ராக்கெட்டுகள்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1979 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்ற நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலம் புறப்பட்ட நாள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரை விரித்தால் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்த செய்தி. பெஞ்சில் இருந்த ஒருவர், "தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்ன நடந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள் கொண்ட ராக்கெட் அது. முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்து முடிந்தது. இரண்டாம் அடுக்கு தொடங்கியதும் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து ஆட ஆரம்பித்தது. அந்த அடுக்கின் திசையைத் திருத்தும் அமைப்புக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். ஒரு சின்ன வால்வில் தூசி சிக்கி, வால்வு மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் தரையிலிருந்தபோதே கசிந்து போயிருக்கிறது. தூசி என்றால் நம் வீட்டு ஜன்னலில் துடைக்கிறோமே, அது போன்ற தூசிதான்.

இதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. கசிவு யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. புறப்படச் சில நிமிடங்களே இருந்தபோது கணினி எச்சரித்து நிறுத்தியிருக்கிறது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் பார்த்து, இருப்பில் இருப்பது போதும், ஏவலாம் என்றார்கள். திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம், ஏவுவதென்று முடிவெடுத்தார். பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தவறு என்னுடையது என்று ஜனாதிபதியாக இருந்த ஒருவர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் சொல்வது சாதாரணம் இல்லை.

அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, என் ஆட்கள் மீது நம்பிக்கை இருக்கிறது, விரைவில் வெற்றி பெறுவார்கள் என்ற பொருளில் பேசினார். பதினோரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று (அதுவும் வெள்ளிக்கிழமைதான்), 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையில் நின்றது. இப்போது தவான் பின்னால் நின்றுகொண்டு, பத்திரிகையாளர்களிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். இதையும் கலாம்தான் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதை பலரும் அறிந்தது. வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தோல்வி, உடனே ஒரு வெற்றி, கைதட்டல். நிஜத்தில் அதற்குப் பிறகுதான் கஷ்டகாலமே வந்தது.

அடுத்து ஏ.எஸ்.எல்.வி. பழைய ராக்கெட்டின் இரு பக்கமும் இரண்டு பூஸ்டர்களைக் கட்டி, 150 கிலோ வரை தூக்கலாம் என்ற திட்டம். 1987 மார்ச் 24 அன்று ஏவினார்கள். பக்கத்து பூஸ்டர்கள் எரிந்து முடிந்தன. நடுவில் இருந்த முதல் அடுக்கு பற்றவே இல்லை. கடல். பற்றவைக்கும் அமைப்பைச் சரிசெய்து 1988 ஜூலை 13 அன்று மறுபடி ஏவினார்கள். இம்முறை பற்றியது. ஆனால் பூஸ்டர் அணைவதற்கும் நடு அடுக்கு பற்றுவதற்கும் இடையே விழுந்த சிறு இடைவெளியில், காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருந்த நேரத்தில், ராக்கெட் நிலைகுலைந்து உடைந்தது. மறுபடியும் கடல். 'கடலை நேசிக்கும் வாகனம்' என்று அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்துக்குக் கேலியாக விரிவு சொன்ன காலம் அது.

ஒரு ஓட்டையை அடைத்தால் வேறு இடத்தில் ஒழுகுகிறது. வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

அப்போது தலைவராக இருந்தவர் உடுப்பிக்காரரான யு.ஆர். ராவ். வெளி நிபுணர்களையும் உட்கார வைத்து, ஒவ்வொரு கணக்கையும் திரும்பப் போட்டார்கள். ராக்கெட்டின் அடியில் துடுப்பு போன்ற சிறகுகள் பொருத்தினார்கள். நடு அடுக்கு எப்போது பற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்காமல், பூஸ்டரின் உந்துவிசை குறைவதைப் பார்த்து அந்தக் கணத்தில் ராக்கெட்டே முடிவெடுக்கும்படி மாற்றினார்கள். இதற்கெல்லாம் ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. 1992 மே 20 அன்று 106 கிலோ செயற்கைக்கோள் மேலே போனது. அதுவும் நினைத்த உயரத்துக்கு இல்லை, கொஞ்சம் தாழ்வாகத்தான்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. வேலையில் சேர்ந்த பிறகு பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எழுதினேன். தோற்றேன். அடுத்த வருடமும் தோற்றேன். விடைத்தாளைக் காட்டமாட்டார்கள், மதிப்பெண் மட்டும் வரும். எங்கே தப்பு என்று தெரியாமல் அதே புத்தகத்தை அதே மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இருந்த தலைமை எழுத்தர் ஒருவர், "தம்பி, நீ எழுதினதை நினைவிலிருந்து அப்படியே எழுதிக் காட்டு" என்றார். "சார், அதெல்லாம் மறந்துபோச்சே" என்றேன். விடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா எந்த விதிப்படின்னு ஒரு இடத்துலகூட எண் போடலையே" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் முறை தேறினேன்.

அதனால்தான் தோல்வியே வெற்றியின் முதற்படி என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். என் முதல் இரண்டு தோல்விகள் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. இஸ்ரோவுக்கு விடைத்தாள் கையில் இருந்தது. ராக்கெட் கடலில் விழுந்தாலும், விழும் கணம் வரை அது வானிலிருந்து அனுப்பிய அளவுகள் தரையில் பதிவாகியிருந்தன. அதைப் பிரித்துப் படிக்க ஆட்களும், படித்ததை மேலதிகாரி முன் பயமில்லாமல் சொல்ல இடமும் இருந்தன. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடலில் விழுந்தது விழுந்ததுதான்.

பி.எஸ்.எல்.வி.யும் முதல் முறை, 1993 செப்டம்பர் 20 அன்று தோற்றதுதான். இரண்டாம் அடுக்கு பிரியும்போது கோளாறு, கூடவே மென்பொருளில் ஒரு பிழை. அடுத்த வருடமே, 1994 அக்டோபர் 15 அன்று, சுமார் 800 கிலோவைக் கொண்டுபோய் வைத்தது. முதல் சந்திரயானும் மங்கள்யானும் போனது அதில்தான். அதன் இரண்டாம் அடுக்கின் விகாஸ் எஞ்சின், எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து தெரியும் மகேந்திரகிரி அடிவாரத்தில் சோதிக்கப்படுவது என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு தனிப் பெருமை. ஆனாலும் 2025 மே 18 அன்று அதே பி.எஸ்.எல்.வி. மூன்றாம் அடுக்குக் கோளாறால் தோற்றது. பாடம் படித்து முடித்துவிட்டோம் என்று யாரும் பையை மூடிவைக்க முடியாது போலிருக்கிறது.

நான் மிகவும் ரசித்த நாள் எதுவென்றால், ராக்கெட் கிளம்பாத ஒரு நாள். 2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி. தயாராக நிற்கிறது. 2010-இல் ஏப்ரலில் ஒன்று, கிறிஸ்துமஸ் அன்று ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு ஜி.எஸ்.எல்.வி.கள் கடலுக்குப் போயிருந்தன. உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினின் மானம் இதில் இருக்கிறது. நானும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். புறப்பட ஒரு மணி நேரம் 14 நிமிடம் இருந்தபோது, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிகிறது என்றார்கள்.

எனக்கு 1979 ஞாபகம் வந்தது. இருப்பது போதும் என்று இன்றைக்கும் யாராவது கணக்குச் சொல்லிவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. தலைவர் கே. ராதாகிருஷ்ணன் ஏவுதலை ரத்து செய்தார். ராக்கெட்டைத் திரும்பக் கட்டடத்துக்கு இழுத்துப்போய், இரண்டாம் அடுக்கை முழுவதுமாகக் கழற்றி, வேறு உலோகக் கலவையால் செய்த தொட்டியோடு புதிதாகப் பொருத்தினார்கள்.

"என்னப்பா, இன்னிக்கும் போகலையா?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். "போகலை, நல்லவேளை" என்றேன்.

2014 ஜனவரி 5, ஞாயிறு மாலை 4.18 மணிக்கு அது கிளம்பியது. சுமார் 17 நிமிடத்தில் ஜிசாட்-14 தனியாகப் பிரிந்தது. 1,982 கிலோ.