உணரி வலையமைப்புகளின் ஆய்வுக் களமும் தொழிற் களமும்: ஒரு வரலாற்று நோக்கு

இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுப் பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களிலும் கணினித் துறைகளிலும் அடிக்கடி காணப்பட்ட அறிவித்தல்களுள் ஒன்று, கம்பியில்லா உணரி வலையமைப்புத் துறையில் ஆய்வு மாணவர் தேவை என்பதாகும். கலாநிதிப் பட்டத்துக்கான உதவித்தொகை, ஆய்வு உதவியாளர் பதவி, சிறு சாதனங்களுக்கான மென்பொருள் எழுதுநர் பதவி எனப் பல வடிவங்களில் அவ்வறிவித்தல்கள் வெளிவந்தன. அவற்றைக் காணும் மாணவர் தகைமை யாது, வேதனம் யாது என வினவுவது இயல்பே. ஆயின், ஒரு பதவி வெற்றிடம் தானாகத் தோன்றுவதில்லை. அதற்கு ஒருவர் பணம் ஒதுக்கியிருத்தல் வேண்டும். பணம் ஒதுக்கியவருக்கு எதையோ அறியவேண்டிய தேவை இருந்திருத்தல் வேண்டும். எவருடைய தேவை எக்காலத்தில் இத்துறையில் வேலைகளைத் தோற்றுவித்தது என்பதே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றது.

உணரி வலையமைப்பு என்பது சிறு சாதனங்கள் பலவற்றின் கூட்டமாகும். முனை எனப்படும் ஒவ்வொரு சாதனத்திலும் வெப்பம், ஈரம், அதிர்வு, ஒலி போன்ற ஒன்றை அளக்கும் உணரியும், சிறு கணிப்பானும், வானொலிச் செலுத்தியும், மின்கலமும் அமைந்திருக்கும். ஒரு முனை தான் அளந்ததை அயல் முனைக்கு அனுப்ப, அது அடுத்ததற்கு அனுப்ப, இறுதியிற் செய்தி ஒரு நிலையத்தை அடையும். மனிதர் சென்று நிற்க முடியாத இடத்திலும், நிற்க விரும்பாத இடத்திலும் இவை நிற்கும். இத்துறையின் வரலாறு இவ்விரண்டாவது வகை இடங்களிலேயே தொடங்குகின்றது.

1950களில் அமெரிக்கக் கடற்படை சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காகக் கடலடியில் ஒலியுணரிகளை நிரைநிரையாக அமைத்தது. அவை கம்பி வடங்களால் இணைக்கப்பட்டவை. கம்பியின்றி அத்தகைய வலையொன்றைத் தரையில் விரிக்கும் முயற்சி வியட்நாம் யுத்தத்தின்போது மேற்கொள்ளப்பட்டது. 1966 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜேசன் என்னும் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மாசச்சூசற்ஸ் மாநிலத்திற் கூடி ஆராய்ந்தனர். வட வியட்நாம்மீதான குண்டுவீச்சு, தெற்கு நோக்கிய ஆட்களினதும் பொருள்களினதும் ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்பது அவர்களது முடிபாக இருந்தது. மாற்று வழியாக, உணரிகளாலான ஒரு தடுப்பரணை அவர்கள் முன்மொழிந்தனர். பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா அதனை ஏற்றுக்கொண்டார். அவ்விஞ்ஞானிகளுட் சிலர் இதனாற் குண்டுவீச்சுக் குறையும் என உண்மையாகவே நம்பினர் என்பது மறக்கற்பாலதன்று. நடந்ததோ வேறு. அந்த அரண் குண்டுவீச்சுக்கு மாற்றாக அமையாது, குண்டுவீச்சுக்கு இடஞ்சுட்டும் கருவியாகவே அமைந்தது.

'இக்லூ வைற்' எனப் பெயரிடப்பட்ட அந்நடவடிக்கை 1968 முதல் 1973 வரை நடைபெற்றது. லாவோஸ் நாட்டின் ஊடாகச் செல்லும் ஹோ சி மின் பாதையில் ஆயிரக்கணக்கான ஒலியுணரிகளும் நில அதிர்வுணரிகளும் விமானங்களிலிருந்து வீசப்பட்டன. சில மண்ணிற் குத்திநின்று, காட்டுச் செடிபோலத் தோற்றமளிக்கும் வானலைக்கம்பியை மட்டும் வெளியே நீட்டின. சில மரக்கிளைகளில் தொங்கின. மேலே வட்டமிட்ட விமானங்கள் அவற்றின் சைகைகளைப் பெற்றுத் தாய்லாந்திலுள்ள நக்கோன் பனோம் தளத்துக்கு அஞ்சல் செய்தன. அங்கு ஐ.பி.எம். கணினிகள் அவற்றைத் தொகுத்தன. குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்குகள் வழங்கப்பட்டன. இதற்கான செலவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. அழிக்கப்பட்டனவாக விமானப்படை அறிவித்த லொறிகளின் தொகையை அந்நாட்டின் உளவுத்துறையே முழுமையாக ஏற்கவில்லை. பாதையும் மூடப்படவில்லை. 1971 இல் பென்ரகன் ஆவணங்கள் வெளியானபோது ஜேசன் குழுவின் பங்கு பகிரங்கமாயிற்று. அடுத்த ஆண்டு பரிசில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் மரே கெல்-மான் விரிவுரை நிகழ்த்த முடியாதவாறு எதிர்ப்பாளர் தடுத்தனர். விடுமுறைக்கால ஆலோசனை வேலைக்கும் அறப்பொறுப்பு உண்டா என்ற வினா அன்று விரிவுரை மண்டபத்துள் நுழைந்தது. அவ்வினாவை இன்றைய ஆட்சேர்ப்பு அறிவித்தல்களிற் காணமுடியாது.

யுத்தம் முடிந்தபின்னர் இத்தேவை அழியவில்லை, உருமாறியது. 1978 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் பரவல் உணரி வலையமைப்புகள் பற்றிய கருத்தரங்கு நடைபெற்றது. பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான டார்ப்பா அதன்பின் அப்பெயரிலேயே ஒரு திட்டத்துக்கு நிதி வழங்கியது. மாசச்சூசற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் லிங்கன் ஆய்வுகூடம் தாழப்பறக்கும் விமானங்களை ஒலியினாற் பின்தொடர முயன்றது. கருவிகள் இன்னும் பெரியனவாகவே இருந்தன. சிறு முனை அப்போது சாத்தியமாகவில்லை. ஆயினும், கார்னகி மெலனில் இத்திட்டத்தின் நிழலில் உருவான அக்சென்ற் என்னும் இயக்க முறைமை பின்னர் மாக் ஆக வளர்ந்து, இன்று அப்பிள் நிறுவனத்தின் கணினிகளினதும் கைத்தொலைபேசிகளினதும் அடித்தளத்துட் கலந்துள்ளது. பகை விமானத்தைத் தேட ஒதுக்கிய பணம் கைத்தொலைபேசியில் வந்து முடிந்தமை, ஆய்வு நிதியின் வரலாற்றில் அபூர்வமான செய்தியன்று.

கெடுபிடிப் போர் முடிவுற்ற 1990களில் நுண்மின்னியல் அந்தச் சிறு முனையைச் சாத்தியமாக்கியது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கைசர், கிறெகறி பொற்றி ஆகியோர் குறைந்த மின்வலுவில் இயங்கும் முனைகளை அமைத்தனர். 1997 இல் பேர்க்லியைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் பிஸ்ரர் 'சாமர்த்தியத் தூசி' என்ற கருத்தை டார்ப்பாவுக்கு முன்வைத்தார். ஒரு கன மில்லிமீற்றருள் உணரியும் கணிப்பானும் தொடர்பாடலும் அடங்க வேண்டும் என்பது அவரது இலக்கு. 2001 மார்ச்சில், கலிபோர்ணியாவின் ருவென்ரிநைன் பாம்ஸ் இராணுவப் பயிற்சித் தளத்தில், ஆளில்லா விமானமொன்று சில முனைகளை வீதியோரம் வீச, அவை அவ்வழியே சென்ற வாகனங்களின் வேகத்தைக் கணித்துக் கூறின. ஹோ சி மின் பாதையின் காட்சியே பாலைவனத்தில் மீண்டும் அரங்கேறியது எனலாம். அளவு மட்டுமே சுருங்கியிருந்தது.

இக்காலத்தில் உருவான அடிப்படை அறிவு ஒன்றைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். முனையொன்று வானொலி மூலம் ஒரு சொல்லை அனுப்பச் செலவிடும் சக்தி, அதே சொல்லைப்பற்றி உள்ளே பல்லாயிரம் கணிப்புகளைச் செய்யச் செலவிடும் சக்தியினும் கூடியது. எனவே முனை நிறையச் சிந்தித்துக் குறைவாகப் பேசவேண்டும், பெரும்பொழுது உறங்கவேண்டும், அயல் முனைகள் ஒரே கணத்தில் விழித்தெழவேண்டும். மைக்கா-2 என்ற முனையின் செயல் நினைவகம் 4 கிலோபைற்று மட்டுமே. அந்த ஒடுங்கிய இடத்துள் உறக்கம், விழிப்பு, வழிதேடல், நேர ஒத்திசைவு ஆகியவற்றை எழுதும் திறனே இத்துறையின் தொழிற்றிறனாயிற்று. பேர்க்லியில் ஜேசன் ஹில், டேவிட் கலர் முதலியோர் உருவாக்கிய ரைனி-ஓ.எஸ். என்னும் மென்பொருள் மூலநிரலோடு இலவசமாக வெளியிடப்பட்டமை பெரும் விளைவுடைய நிகழ்ச்சியாகும். முனைக்கான பணம் இருந்தால் எந்நாட்டு மாணவரும் இத்துறையுட் புக அது வழிசெய்தது. முனையொன்றின் விலை நூறு டொலரையும் தாண்டியிருந்தது என்பது அவ்வழியின் ஒடுக்கம்.

2002 இல் புரவலர் மாறினார். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியோடு டெபோரா எஸ்ற்றினின் தலைமையிற் பதிக்கப்பட்ட உணரி வலையமைப்பு நிலையம் லொஸ் ஏஞ்சல்ஸில் நிறுவப்பட்டது. வாகனங்களுக்குப் பதிலாகப் பறவையும் மண்ணும் எரிமலையும் ஆய்வுப் பொருளாயின. அதே ஆண்டில் மெயின் மாநிலத்தின் கிறேற் டக் தீவில், நிலத்தில் வளைதோண்டி அடைகாக்கும் கடற்பறவைகளின் வளைகளருகே 32 முனைகள் வைக்கப்பட்டன. 2005 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மற் வெல்ஷ் குழுவினர் எக்குவடோரின் றெவென்ரடோர் எரிமலைச் சரிவில் 16 முனைகளை 19 நாள்கள் இயக்கினர். அங்கு முனைகளைக்காட்டிலும் அடித்தளத்திலிருந்த பதிவு நிலையத்தின் மின்வழங்கலே அதிகம் தொல்லை தந்தது. நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயலொன்றில் பயிர்நோயை முன்னறிய ஏறத்தாழ நூறு முனைகளை நட்ட டெல்வ்ற் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது எதிர்பார்த்த தரவில் 2 வீதமே. அவர்கள் அதனை மறைக்காது 2006 இல் வெளியிட்டனர். வெற்றிகளைப் பறைசாற்றிய பல கட்டுரைகளிலும் பார்க்க இத்தோல்வி அறிக்கையே துறைக்குக் கூடுதலாகக் கற்பித்தது என்பது எமது கருத்து. ஆய்வுகூட மேசையில் இயங்குவது ஈரத்திலும் இலைச்செறிவிலும் இயங்குவதில்லை என்பதும், வலையமைப்பை நடுவது ஒரு வேலை, அதைப் பேணுவது வேறொரு வேலை என்பதும் அதனாற் புலனாயின.

இப்பத்தாண்டில் பதவிகள் பெருகின. மாநாடுகள் தோன்றின; 2003 இல் 802.15.4 என்னும் வானொலித் தரநியமம் வெளியாயிற்று. குறொஸ்போ, எம்பர், டஸ்ற் நெற்வேக்ஸ் முதலிய கம்பனிகள் எழுந்தன. பின்னர் அலை வடிந்தது. குறொஸ்போவின் முனை வியாபாரம் 2010 இல் கைமாறியது. எரிமலை ஏறிய வெல்ஷ் அதே ஆண்டில் தம் நிரந்தரப் பேராசிரியர் பதவியைத் துறந்து கூகிள் நிறுவனத்திற் சேர்ந்தார். பிஸ்ரர் நிறுவிய டஸ்ற் நெற்வேக்ஸை 2011 இல் லீனியர் ரெக்னோலொஜி வாங்கியது. 2012 இல் எம்பரும், பிரான்சின் கிறெனோபிளில் லோறா வானொலி முறையை உருவாக்கிய சைக்கிளியோவும் வெவ்வேறு குறைகடத்திக் கம்பனிகளுட் கரைந்தன. ஒரே தாவலிற் பல கிலோமீற்றர் செல்லும் லோறா பரவியபோது, அயல் முனைகளினூடாக வழிதேடுவது பற்றி எழுதப்பட்ட எண்ணற்ற ஆய்வேடுகள் திறந்தவெளிப் பயன்பாட்டிற் சந்தைப் பெறுமதியை இழந்தன. தொழிற்சாலைகளிலும் மின்மானிகளிலும் மட்டும் அம்முறை நிலைத்தது. துறையின் பெயரும் 'பொருள்களின் இணையம்' என மாறியது. வேலை தேடுவோர் பழைய பெயரில் தேடின் குறைவாகவே காண்பர். அதே திறன் புதிய பெயரில் வாங்கப்படுகின்றது. மின்கலக் கணக்கும், வானொலிப் பரவலும், சீ மொழியும் அறிந்தவர் தேவை இன்றும் அற்றுப்போகவில்லை. ஆனால் அத்தேவையை நிர்ணயிப்பவை இப்போது பண்டகசாலைகளும் மின்வழங்கற் கம்பனிகளும் ஆகும்.

எமது பிராந்தியத்தில் இத்துறை எவ்வாறு வேரூன்றியது என்பது தனித்து நோக்கற்பாலது. 2007 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியினர் வீதிகளின் பள்ளங்களை அறிய ஒரு வலையமைப்பை வெளியிட்டனர். உணரிகள் பயணிகள் பஸ்களிற் பொருத்தப்பட்டன. தரவைத் தொலைபேசிக் கட்டணம் செலுத்தி அனுப்பாது, பஸ் தானே சுமந்துசென்று நிலையத்தில் ஒப்படைத்தது. பணமின்மை இங்கு சிந்தனைக்குத் தடையாக அமையவில்லை. அதுவே சிந்தனையின் வடிவத்தைத் தீர்மானித்தது.

கேரளத்தின் மூணாறில் அமிர்தா விசுவ வித்யாபீடம், ஐரோப்பிய ஒன்றியத் திட்டமொன்றின் துணையோடு, அந்தோனியார் குடியிருப்பு மலைச்சரிவில் மண்சரிவை முன்னறியும் வலையமைப்பை நிறுவியது. துளையிட்ட நிலத்தினுள் நீரமுக்கம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் உணரிகள் இறக்கப்பட்டன. அளவீடுகள் செய்மதி வழியாகக் கொல்லம் மாவட்டத்திலுள்ள வளாகத்தை அடைந்தன. இது பெருமைப்படத்தக்க முயற்சியே. ஆனால், மூணாறிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரிலுள்ள பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ற் 6 ஆம் திகதி இரவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகள்மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழர், பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்டோர். மழையால் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்திருந்தமையால், விடியும்வரை செய்தியே வெளியுலகை எட்டவில்லை. ஒரு சரிவு நுணுக்கமாக அளக்கப்பட்டது. அதே மலைத்தொடரின் மற்றொரு சரிவில் உதவி கோரவும் வழியிருக்கவில்லை.

இலங்கையின் அனுபவம் இதற்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் அபாயகரமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலேயே எச்சரித்திருந்தது. அங்கு குறைந்தது அளவீடன்று. குடிபெயர்ந்து செல்வதற்குரிய காணியும் வீடுமே. இதனைக் கொண்டு உணரிகள் வேண்டா என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் ஏற்புடையதன்று. காணி கிடைக்கும்வரை அம்மக்கள் அதே சரிவிலேதான் உறங்குகின்றனர். அவ்விரவுகளில் அரைமணி நேர முன்னறிவிப்பும் உயிர் காக்கும்.

இத்தகைய வலையமைப்பை எமது பல்கலைக்கழகமொன்று மலையகத்தில் நிறுவ முற்படின், அதற்கு வேண்டிய பொறியியலாளரையும் கலாநிதி மாணவரையும் தேடுதல் அரிதன்று. முனைகளின் விலையும் இன்று முன்போலில்லை. ஆய்வு நிதி மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுவது. சரிவுக்கு அக்கணக்கு இல்லை. மழைமானியில் அடைத்த இலையை அகற்றவும், சூரியத் தகட்டைத் துடைக்கவும், மின்கலத்தை மாற்றவும், நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் லயன் கதவுகளைத் தட்டவும், அச்சரிவிலேயே வாழும் ஒருவர் பயிற்றப்பட்டு மாத வேதனத்தோடு அமர்த்தப்படவேண்டும். தோட்டப் பாடசாலையிற் படித்து வெளியேறிய இளைஞரும் யுவதியரும் இதற்குத் தகுதியற்றவரல்லர். நீர்மூழ்கியைத் தேடிய காலந்தொட்டு இத்துறை தோற்றுவித்த பதவிகளின் வரிசையில் இப்பதவியை நாம் காணவில்லை. அதன் வேதனத்தைத் தோட்டக் கம்பனி ஏற்பதா, மாகாண சபை ஏற்பதா, பல்கலைக்கழகம் ஏற்பதா என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டியதாகும். வானலைக்கம்பியின் உயரத்தை அதன்பின்னர் தீர்மானித்துக்கொள்ளலாம்.