சன்னது இழந்த வக்கீல்

எங்கள் சங்கரன்கோயில் ஸ்தல புராணமே ஒரு வழக்குத்தான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இருவருக்கும் தகராறு. கோமதியம்மன் தவம் இருந்தாள். பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே மூர்த்தி வந்து நின்றார். வழக்கு ராஜியாகிவிட்டது.

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீல் நண்பரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போகுமுன் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதில் அவர் கெட்டிக்காரர். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பாம்புகள் இரண்டும் ராஜாக்கள், ஸார். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர் முதலாளி. மற்றவர் இன்றைக்குக் கூலி வாங்கினால்தான் ராத்திரி உலை வைக்கிறவர். இதில் நடுநிலை எங்கே இருக்கிறது?" என்றார்.

எனக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவு வந்தது. அவரைக் கப்பல் ஓட்டியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் தொழில் வக்கீல் தொழில். ஒட்டப்பிடாரத்தில் தகப்பனாரும் வக்கீல்தான். மகனோ ஏழைக் கட்சிக்காரர்களுக்காக வாதாடிப் பேர் வாங்கிப் பிறகு தூத்துக்குடிக்கு வந்தார்.

1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பவை கோரிக்கைகள். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். தொழில் தகராறுச் சட்டம் 1947-இல். ஆகவே அன்று அந்த இரண்டு சட்டங்களும் கிடையாது. பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். வேலையை விட்டு நின்றவர்கள் பட்டினி கிடக்காதபடி பிள்ளை ஊராரிடம் பணம் திரட்டினார். சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று இன்றும் கதை சொல்வார்கள்.

மார்ச் 6-ந் தேதி மில்லின் தலைமைக் குமாஸ்தா பிள்ளையைத் தேடி வந்தார். பிள்ளை தனியாகப் போகவில்லை. ஐம்பது தொழிலாளரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் நிர்வாகிகளைச் சந்தித்தார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஒன்பது நாளில் எல்லாம் முடிந்தது.

அவர் நடுவில் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் தாழ்ந்து கிடந்த தட்டை முதலில் தூக்கி நிறுத்தினார்; அதனால்தான் பேச்சுக்கே இடம் உண்டாயிற்று.

மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். ராஜத்துவேஷ வழக்கில் ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே விதித்தது மொத்தம் நாற்பது வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் கம்பெனி போயிருந்தது. வக்கீல் சன்னதும் போயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார்.

பல வருஷங்கள் கழித்து, வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிறகு எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில் நடத்தினார்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஐம்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனார் பாருங்கள், அதுதான் ஸார் தொழில்" என்றார்.