குழந்தை பள்ளியில் வரைந்த படங்கள்: எதை வைத்துக்கொள்வது, எப்படிக் காப்பாற்றுவது?

மார்ச் கடைசி வாரம். எல்கேஜி, யுகேஜி படிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருடம் முழுக்க வகுப்பறைச் சுவரில் இருந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, அதில் அடங்காததை ஒரு பையில் திணித்துப் பள்ளி உங்களிடம் ஒப்படைத்துவிடும். விரல் அச்சில் செய்த மயில், பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, வெண்டைக்காயை வெட்டி அச்சு வைத்த பூ, ஐஸ் குச்சியில் ஒரு வீடு. முதலில் சோபா மேல் வைப்பீர்கள். அங்கிருந்து டைனிங் டேபிள், பிறகு பீரோ தலை. அடுத்த மார்ச்சில் இன்னொரு பை வரும்.

நான் இதில் ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். பெங்களூரில் வாடகை வீடு மாறியபோது, பேக்கிங் அவசரத்தில் மகளின் நர்சரி வருடத்துக் கட்டு முழுவதும் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து, "அம்மா, என் பச்சை யானை எங்கம்மா?" என்று கேட்டாள். "இன்னும் பெட்டி பிரிக்கலடா செல்லம்" என்றேன். அந்தப் பிரிக்காத பெட்டியைப் பற்றி அவள் அதற்குப் பிறகும் பலமுறை விசாரித்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

"வீட்டில் இடம் இல்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 3 தாள், வருடத்துக்கு 40 பள்ளி வாரம் என்று வைத்தால் 120 தாள். எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை 7 வருடத்துக்கு 840 தாள். ஓவிய நோட்டுத் தாளின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் அடுக்கினால் 17 சென்டிமீட்டர் உயரம் வரும், எடை எட்டு கிலோ சொச்சம். பெயிண்ட், ஒட்டு வேலை எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு ஆக்கினாலும் ஒரு கட்டிலடி டிராயரில் அடங்கிவிடும்.

ஆக, தாள் இடத்தை அடைப்பதில்லை. அடைப்பது தெர்மாக்கோல் எரிமலையும் அட்டைப் பெட்டி ரயிலும் சுருட்டி வைத்த சார்ட்டும்தான். இவை தாள்களோடு ஒரே குவியலாகக் கிடப்பதால், ஒருநாள் பொறுமை இழந்து மொத்தத்தையும் வெளியே தள்ளுகிறோம். என் வீட்டில் நடந்ததும் அதுவே.

அதற்காக 840 தாளையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இருபது வருடம் கழித்து 840 தாளைப் புரட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. வருடத்துக்கு 20 என்றால் புரட்டுவார்கள்.

அந்த 20ஐ யார் தேர்ந்தெடுப்பது?

சட்டம் இதில் சுவாரசியமான ஒன்றைச் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஓவியம் என்பதற்குக் கலைத்தரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கலைப்படைப்புதான். வரைந்தவரே அதன் முதல் உரிமையாளர். அவர் ஆயுள் முழுக்கவும், அதன் பின் 60 வருடமும் அந்த உரிமை நீடிக்கும். வயது வரம்பு எதுவும் இல்லை. உங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் கிறுக்கலின் பதிப்புரிமை, சட்டப்படி, மூன்றரை அடி உயரமுள்ள ஒருவரிடம் இருக்கிறது.

அவர் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் உரிமையாளரைக் கேட்காமல் அவர் பொருளைக் கழிப்பது எனக்கு இப்போது உறுத்துகிறது. அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு: பத்து அவள் தேர்வு, பத்து என் தேர்வு. இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. தங்க ஸ்டார் ஸ்டிக்கர் வாங்கிய, கோட்டுக்குள் ஒழுங்காக வண்ணம் தீட்டிய பட்டாம்பூச்சியை அவள் எடுப்பாள். பின்பக்கத்தில் வகுப்பு நேரத்தில் களவாகக் கிறுக்கிய பூனையை நான் எடுப்பேன்.

உங்கள் பங்குக்கு எதை எடுப்பது? மனிதர்கள் இருக்கும் படங்களை முதலில் பாருங்கள். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் வரையும் மனிதருக்கு உடம்பே இருக்காது. ஒரு பெரிய வட்டத் தலை, அதிலிருந்து நேராகக் கால்கள். பிறகு வயிறு வரும், கழுத்து வரும், விரல்கள் வரும், ஒரு கட்டத்தில் காலுக்குக் கீழே தரைக்கோடும் தலைக்கு மேலே வானக்கோடும் வரும். அமெரிக்க உளவியலாளர் ஃப்ளோரன்ஸ் குட்இனஃப் 1926இல், மனிதரை வரையச் சொல்லி அந்தப் படத்தை வைத்தே குழந்தையின் வளர்ச்சியை அளக்க ஒரு சோதனையை உருவாக்கினார். படத்தை வைத்து அறிவை அளப்பது சரியா என்பது தனி விவாதம். நீங்கள் மதிப்பெண் போடப்போவதில்லை என்பதால் அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளிகளை நடத்திய ரோடா கெல்லாக், சின்னக் குழந்தைகளின் படங்களைச் சுமார் பத்து லட்சம் அளவுக்குச் சேர்த்தார். வெறும் கிறுக்கல்களுக்குள்ளும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் இருக்கின்றன என்று அவற்றை வைத்துக் காட்டினார். எனவே கிறுக்கலிலும் ஒன்றிரண்டை வையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாள் அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், "உன்னையே வரைஞ்சு குடு" என்று கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த வரிசை அதுதான்.

எது வேண்டாம்? அச்சடித்த படத்துக்கு வண்ணம் மட்டும் தீட்டிய ஒர்க்‌ஷீட்கள் ஒன்று போதும். அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவும் அம்மாவும் செய்துமுடித்த "புராஜெக்ட்"கள். அவை யாருடைய படைப்பு என்று நமக்கே தெரியும். முப்பரிமாண சமாச்சாரங்களைக் குழந்தை கையில் பிடித்திருக்க ஒரு போட்டோ எடுத்துவிட்டு, சொல்லிவிட்டே விடைகொடுங்கள். பருப்பு, அரிசி, மக்ரோனி ஒட்டிய படங்களுக்கும் இதே வழிதான். அவற்றை டிராயருக்குள் வைத்தால் வண்டு வந்து மற்றவற்றையும் கெடுக்கும்.

பின்பக்கத்தில் எழுதுங்கள்

டேட்டாவோடு வேலை செய்பவள் என்ற முறையில் இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேதி இல்லாத டேட்டாவால் பெரிய பயன் இல்லை. இன்றைக்கு "இது யுகேஜி, தீபாவளிக்கு முன்னாடி" என்று உறுதியாகச் சொல்வீர்கள். மூன்று வருடம் கழித்து எந்த வகுப்பு என்றே தெரியாது. வீட்டில் இரண்டு குழந்தைகள் என்றால் யாருடையது என்பதும் தெரியாது.

பெயர், தேதி, வயது. கூடவே "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை சொல்வதை, சொன்னபடியே ஒரு வரி. "தாத்தா வண்டில போறாரு, மழை வருது, ஆனா அவரு நனையல" என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பேனா வேண்டாம், மையும் அழுத்தமும் மறுபக்கம் தெரியும். மென்மையான பென்சில் போதும்.

ரஷ்யாவின் நோவ்கோரத் நகரில் 1956இல் நடந்த அகழாய்வில், 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு சிறுவன் பிர்ச் மரப்பட்டையில் எழுதிய எழுத்துப் பயிற்சிகளும் வரைந்த படங்களும் கிடைத்தன. ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். குதிரை மேல் ஏறி எதிரியைக் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரை எழுதியிருந்தான்: ஒன்ஃபிம். ஒரு மிருகத்தை வரைந்து, அந்த மிருகமே நான்தான் என்றும் குறித்திருந்தான். காற்றுப் புகாத ஈர மண் அந்தப் பட்டைகளைக் காப்பாற்றியது. பெயர் எழுதியிருந்ததால்தான் சுமார் 750 வருடம் கழித்தும் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

நம் ஊர்க் காற்றில் எது கெடுக்கும்?

கெடுதலில் பாதி, நல்லது செய்வதாக நினைத்து நாமே செய்வது. முதல் இடம் லேமினேஷனுக்கு. கடை மெஷின் 100 டிகிரிக்கு மேல் சூடாகும். மெழுகு கிரேயான் அதற்கு வெகு முன்பே உருகும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் பூஞ்சை உள்ளேயே வளரும். ஒருமுறை செய்தால் பிரிக்கவும் முடியாது. "ஆவணக் காப்பகங்களிலேயே லேமினேட் செய்கிறார்களே" என்று கேட்கலாம். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறை வேறு. மெல்லிய அசிட்டேட் படலத்தையும் டிஷ்யூ தாளையும் அசிட்டோன் தடவிக் கையால் ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் அதே அசிட்டோனால் பிரித்துவிடலாம்.

அடுத்தது செல்லோ டேப். சில வருடங்களில் பழுப்பாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் வாசம் தூக்கலாக அடிக்கும் மலிவான பிவிசி கவர்களும் நாளாக ஆகப் பிசுபிசுத்து வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டேஷனரி கடையில் பாலிபுரொப்பிலீன் என்று எழுதிய ஏ3 அளவு டிஸ்பிளே ஃபைல் கேளுங்கள். பெயிண்டும் ஆயில் பேஸ்டலும் இருக்கும் தாள்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். ஆயில் பேஸ்டல் என்றைக்கும் முழுசாகக் காயாது. நியூஸ்பேப்பரை இடையில் வைக்காதீர்கள், அதன் அமிலமும் மையும் படத்துக்குத் தாவும்.

பிறகு ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மும்பை, கொச்சி, கொல்கத்தா, சென்னையில் வருடத்தில் பல மாதம் அப்படித்தான். எனவே பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். வெளிச்சுவரும் வேண்டாம். லாஃப்ட்டும் வேண்டாம், மொட்டைமாடி ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். வீட்டின் நடுவில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், படுக்கைவாட்டில். டிராயருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். சென்னையில் என்றால் தை மாதம் சரியாக இருக்கும். வெயிலில் காயவைத்தால் ஸ்கெட்ச் பேனா வண்ணம் வெளுத்துவிடும்.

ராமபாணப் பூச்சிக்கு ரசகற்பூர உருண்டை போடுவது நம் வீடுகளின் பழக்கம். குழந்தை கைக்கு எட்டும் டிராயரில் அதை வைக்காதீர்கள். நாஃப்தலீன் உருண்டைகள் மிட்டாய் மாதிரியே இருக்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கிராம்பு, மிளகு போன்றவற்றை இடித்துத் துணியில் முடிந்து சுவடிகளோடு வைக்கும் வழக்கம் உண்டு. தாளில் படாமல் டிராயர் ஓரத்தில் அப்படி ஒரு முடிச்சு வைக்கலாம். அதுவும் குழந்தை வாயில் போடாத இடமாக இருக்கட்டும்.

போட்டோ எடுத்தால் போதாதா?

அசல் 20ஐ வைத்துக்கொண்டு மற்றதைப் போட்டோவாக வைப்பது நல்ல வழி. ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். 12 மெகாபிக்சல் போன் கேமராவே இதற்கு ஈடுகொடுக்கும். ஜன்னல் ஓரம், நேர்வெயில் படாமல், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே இருந்து எடுங்கள். பில் ஸ்கேன் செய்யும் ஆப்கள் வேண்டாம். அவை பின்னணியை வெள்ளையாக்கும் வேகத்தில் வெளிர் மஞ்சள் சூரியனை அழித்துவிடும். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுக்க மறக்காதீர்கள். ஃபைல் பெயரில் வருடத்தை முதலில் போட்டால் தானாக வரிசையாகும்.

ஒரு படம் 4 எம்பி என்றால் 840 படமும் சேர்த்து 3.4 ஜிபிதான். கூகுளின் இலவச 15 ஜிபியில் அடங்கும். ஆனால் 2021 ஜூனிலிருந்து போட்டோ, மெயில், டிரைவ் எல்லாம் அதே 15 ஜிபிக்குள்தான். குழந்தை பெயரில் தனி மெயில் ஐடி தொடங்கி, அதில் எல்லாம் போட்டு, 18 வயதில் பரிசாகக் கொடுப்பேன் என்று திட்டமிடுபவர்கள் கவனிக்க: இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. வீட்டு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் போடும் படங்கள் சுருக்கப்பட்டவை, பிரிண்ட் போட்டால் மங்கலாக வரும். முடிந்தால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இன்ஸ்டாவில் போடுவதாக இருந்தால், தாளின் மூலையில் இருக்கும் பெயர், வகுப்பு, பள்ளி முத்திரையை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

நனைந்துவிட்டால்?

ஒட்டிக்கொண்ட ஈரத் தாள்களைப் பிய்க்காதீர்கள். பூஞ்சை 48 மணி நேரத்தில் கிளம்பிவிடும். கொஞ்சம் தாள்தான் என்றால் சுத்தமான துணி மேல் பரப்பி ஃபேன் காற்றில், தாள் பறக்காத வேகத்தில், காயவிடுங்கள். கட்டாக நனைந்திருந்தால், பட்டர் பேப்பரில் சுற்றி ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களுக்குக் காப்பகங்கள் செய்வதும் இதுதான், கெடுவது அப்படியே நிற்கும். நேரம் கிடைக்கும்போது நாலைந்தாக வெளியே எடுத்துப் பிரித்துக் காயவைக்கலாம். வாட்டர் கலரும் ஸ்கெட்ச் பேனாவும் அதற்குள் கலைந்திருக்கும். மெழுகு கிரேயான் கோடுகள் அப்படியே இருக்கும், பின்பக்கம் பென்சிலில் எழுதிய தேதியும்.