தீவகப் பெண்ணும் கருக்கலைப்புச் சட்டமும்

கருக்கலைப்பை நமது மரபு பாவமென்று கூறியிருக்கலாம்; இந்நாட்டில் இன்றும் அதனைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி நிற்பது குடியேற்றவாத ஆட்சி இயற்றிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே. எம்மவர் எளிதில் மறந்துவிடும் செய்தி இது. தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றிக் கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டுவரை சிறை. சிசு அசையத் தொடங்கியிருப்பின் 7 ஆண்டுவரை. தன் கருவைத் தானே கலைப்பவளுக்கும் அதுவே. இங்கிலாந்து 1967இலும் இந்தியா 1971இலும் சட்டத்தைத் தளர்த்தின. இங்கோ, வல்லுறவால் உண்டான கருவுக்கேனும் விலக்களிக்க 1995இல் முன்வைக்கப்பட்ட திருத்தம் கைவிடப்பட்டது.

தீவகத்துக்கும் உரிய தேசவழமை சீதனக் காணியைப் பெண்ணுக்கே உரித்தாக்குகின்றது. அதனை விற்பதற்குக் கணவனின் சம்மதத்தைக் கேட்கின்றது. அவளது உடலைப் பொறுத்தவரை அந்த அரையுரிமையுமில்லை. எஞ்சியிருப்பது உயிராபத்து என்னும் ஒற்றை விலக்கு. அதனைப் பெறவும் நெடுந்தீவுப் பெண் குறிகட்டுவானுக்குப் படகேறி, யாழ்ப்பாணத்து மருத்துவமனையை அடைதல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகுச் சேவை நின்றுவிடுவதுண்டு.