எழுதினால் மட்டும் போதாது

1990களில்தான் தலித்துகள் எழுத வந்தார்கள் என்று நம்மிலேயே பலர் நினைக்கிறோம். அது தவறு.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரையே இதழின் தலையில் அச்சிட்டார்.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். ஏழையும் வாங்கும் விலை. அதுவே இதழின் பெயர். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். வரலாறு, பௌத்தம், அரசியல், மருத்துவம் அனைத்தும் அதில் இருந்தன. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த இதழே பள்ளிக்கூடம்.

1914இல் பண்டிதர் மறைந்தார். பொது வரலாறு அவரை மறந்தது. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம் கைக்கு வந்தது. 'பறையன்' பிரதிகளுக்கோ அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று அவற்றைத் தேடிக் களைக்கிறோம்.

தோழர்களே, எழுதுவோம். சேரியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவோம். துண்டறிக்கையோ கையெழுத்து இதழோ, ஒரு பிரதியையாவது தேதி போட்டு எடுத்து வைப்போம். நம் எழுத்தை நாம் காக்காவிட்டால், நாம் எழுதவே இல்லை என்று நாளையும் சொல்வார்கள்.