எத்தனை பேருக்கு இந்தக் கூடாரம்?

சாரணர் முகாமுக்கு எத்தகைய கூடாரம் வாங்கலாம் எனப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டனர். கடைக்குச் செல்லுமுன் தென்துருவப் பயண வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம் என்பேன்.

1911-ஆம் ஆண்டில் நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் குழுவும் பிரிட்டனின் இராபர்ட் ஸ்காட் குழுவும் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டன. அமுண்ட்செனின் கூடாரத்திற்கு ஒரே கம்பம். தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. நாய்வண்டியில் விரைந்து, நாள்தோறும் இடம் மாறுவோருக்கு அது பொருந்தியது. வெண்பனியில் கண்ணுக்கு இதமாகவும் தொலைவிலிருந்தே தெரியும்படியும் துணிக்குக் கருஞ்சாயம் ஏற்றினர்.

ஸ்காட் குழுவினரின் கூடாரமோ கூம்பு வடிவானது. உச்சியில் இணைத்த மூங்கிற் கழிகளைக் குடைபோல் விரித்துத் துணியைப் போர்த்துவர். விளிம்பின்மேல் பனியைக் குவிப்பர். அவ்வடிவின் வழிவந்த கூடாரங்களை அண்டார்க்டிக்கா ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

அந்தக் கூடாரத்தின் அருமையை உணர்ந்தவர்கள் வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் ஆகிய மூவர். 1911 சூலையில் பெங்குவின் முட்டை தேடிக் குரோசியர் முனைக்குச் சென்ற அவர்களின் கூடாரத்தைப் புயல் பறித்துச் சென்றது. துருவக் குளிர்கால இருளில் அஃதின்றித் திரும்புதல் சாவுக்கு ஒப்பாகும். புயல் தணிந்தபின், சரிவின் அடியில் கூடாரம் கிடைத்தது. மூவரும் உயிர் தப்பினர்.

எனவே, ஸ்காட்டின் கூடாரம் தரங்குறைந்ததன்று, ஆள்கணக்கே பிறழ்ந்தது. கூடாரமும் உணவுப் பங்கீடும் நால்வருக்கென வகுக்கப்பட்டிருக்க, 1912 சனவரித் தொடக்கத்தில் ஸ்காட் தம் இறுதிக் குழுவில் பவர்சை ஐந்தாமவராகச் சேர்த்தார். ஐவருக்குச் சமைக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் கூடுதலாகிறது என்று அடுத்த சில நாள்களிலேயே நாட்குறிப்பில் எழுதினார். சனவரி 17-இல் துருவத்தை அடைந்தனர். அமுண்ட்சென் 1911 திசம்பரில் அங்கு விட்டுச்சென்ற சிறு கூடாரத்தை மறுநாள் கண்டனர்.

திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். கடுங்குளிர், உணவுக் குறைவு, எரிபொருட் பற்றாக்குறை எனக் காரணங்கள் பல. கூடார நெரிசல்மீது மட்டும் பழி சுமத்தலாகாது. ஆயினும், அளவுக்கு மீறிய ஓர் ஆள் அன்றாட ஒழுங்கு முழுவதையும் அசைத்துவிட்டார் என்பது உண்மை. 1912 நவம்பரில் தேடி வந்தோர் ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரின் உடல்களையும் கூடாரத்துக்குள்ளேயே கண்டனர். அதன் துணியையே போர்வையாக்கி, மேலே பனிமேடு எழுப்பினர்.

நமக்குப் பனியில்லை, மழையும் புழுக்கமும் உண்டு. ஆகவே மழைக்கு மேல்விரிப்பும், காற்றுக்கு வலைச்சாளரமும், தைத்த தரையும் உள்ளனவா என்று பாருங்கள். நாள்தோறும் சுமந்து நடப்பவர்க்கு எடை முக்கியம். ஒரே இடத்தில் தங்குவோர்க்கு இடவசதி முக்கியம். நால்வருக்கு என்று அச்சிட்டிருந்தால், பைகளோடு மூவரை உறங்க வையுங்கள். ஐந்தாவது பிள்ளைக்கு இன்னொரு கூடாரம் வாங்குங்கள்.